சக்கரத்தின்மேல் ஒரு குளிர்ந்த அறை



சக்கரங்களின்மேல் ஓடுகின்ற ஒரு சிறிய அறையை நம் நாட்டு வெயிலில் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது எங்ஙனம்? இக்கேள்வி இன்று பல வடிவங்களில் எழுகின்றது. மோட்டார் வண்டியின் பின்னே ஒரு சிறு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் சுற்றுலாச் செல்லும் வழக்கம் மேலை நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கம் நம் நாட்டிலும் மெல்ல வேர்விடுகின்றது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிவீட்டுச் சுற்றுலாவுக்கென ஒரு திட்டத்தையே அறிவித்தது. அத்தகைய சிறு வீட்டுக்கு எந்தக் குளிர்சாதனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்போருக்குக் கடைக்காரர் விலைப்பட்டியலைக் காட்டுவார். நான் வரலாற்றைக் காட்ட விரும்புகிறேன். ஏனெனில், இக்கேள்வியை நமக்கு முன்னரே, நம்மைவிடக் கடுமையான நிலையில், இருப்புப் பாதைப் பொறியாளர்கள் எதிர்கொண்டு விடை கண்டிருக்கின்றனர். அவ்விடையின் ஒரு பெரும்பகுதி நம் வடசென்னையிலேயே உருவாகியது.

நான் வாழும் யானைக்கவுனிப் பகுதியைப் பற்றி முதலில் சில சொற்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டுச் சென்றதன் பின்னர், கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கும்பினியார் ஒரு மதிலை எழுப்பினர். அம்மதிலின் வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதில் மறைந்தது, பெயர் நின்றது. 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அங்கிருந்து வடக்கும் மேற்கும் செல்லும் வண்டிகள் அனைத்தும் இன்றும் யானைக்கவுனிப் பாலத்தின் அடியிலேயே ஊர்ந்து பேசின் பாலத்தைக் கடக்கின்றன. ஆகவே, ஓடும் அறைகளின் வரலாற்றைப் பேசுவதற்கு இதனினும் தக்க இடம் வேண்டுவதில்லை.

தொடக்க காலத்துப் புகைவண்டிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். மரச்சுவர், மேலே கூரை, நாள் முழுதும் வெயில். முதல் வகுப்புப் பெட்டிகளுக்கு இரட்டைக் கூரை அமைத்தனர். இரு கூரைகளுக்கும் இடையே காற்று புகுந்து ஓடுமாறு வழி விட்டனர். சாளரங்களின் மேல் வெயில் மறைப்புகளை வைத்தனர். எந்த இயந்திரமும் இன்றி, வெப்பம் உள்ளே வாராது தடுக்கும் முயற்சி இது. ‘வெப்பத்தை வெளியேற்றுமுன் அதனை உள்ளே விடாதே’ என்னும் இந்த முதற்பாடம் இன்றளவும் மாறவில்லை.

அடுத்து வந்தது வெட்டிவேர்த் தட்டி. 1870களில் முதல் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றின் சாளரங்களில் வெட்டிவேர்ப் பாய்களைப் பொருத்தி, அவற்றை நீரால் நனைத்து வைத்தனர். வண்டி ஓடுகையில் புகும் காற்று ஈரத்தட்டியினூடே நுழைந்து குளிர்ந்து மணத்துடன் உள்ளே வந்தது. நீர் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. இம்முறை வடநாட்டின் வறண்ட சமவெளிகளில் நற்பயன் தந்தது.

ஆனால் கடற்கரையில்? ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். காற்றின் வெப்பம் 42 பாகையாகவும் ஈரப்பதம் 20 விழுக்காடாகவும் இருக்குமாயின், ஈரத்தட்டி அக்காற்றை 24 பாகை அளவுக்குக் கூடக் குளிர்விக்க இயலும். சென்னையில் வெப்பம் 35 பாகைதான். ஆனால் ஈரப்பதம் 70 விழுக்காடு எனக் கொள்வோம். அப்போது எத்துணைச் சிறந்த தட்டியும் காற்றை 30 பாகைக்குக் கீழே கொண்டுவர இயலாது. அதற்குமேல் அறையில் ஈரமும் மிகும், வியர்வை உலராது. தில்லிக்கு ஏற்ற கருவி திருவொற்றியூருக்கு ஏலாது என்பதன் காரணம் இதுவே. குளிர்சாதனத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்கவேண்டிய வினா, ‘என் ஊரின் காற்று வறண்டதா, ஈரமானதா?’ என்பதாகும்.

ஈரக்காற்று மிக்க துறைமுக நகரங்களுக்கு அக்காலத்தில் ஒரே ஒரு மாற்று வழிதான் இருந்தது. அதுவே பனிக்கட்டி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்துப் பனிக்கட்டியைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டுச் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. நான்கு மாதக் கடற்பயணத்தில், வெப்ப மண்டலத்தை இருமுறை கடந்தும், சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியது. இவ்வற்புதத்தைச் செய்தது எது? வெப்பத்தைத் தடுக்கும் காப்புதான். பனிக்கட்டிப் பாளங்களை நெருக்கமாக அடுக்கி, சுற்றிலும் காப்புப் பொருளை நிரப்பிக் காற்றோட்டத்தைத் தடுத்தனர். அக்கப்பல், சக்கரமில்லாத ஓர் ஓடும் குளிர் அறை.

சென்னையில் 1842ஆம் ஆண்டில் டியூடரின் நிறுவனத்தார் கடற்கரையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கைக் கட்டினர். ‘ஐஸ் ஹவுஸ்’ என்று மக்கள் இன்றும் வழங்கும் கட்டடம் அதுவே. அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு அனைத்தையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து, நம் கடலோடிகள் கரை சேர்த்தனர். வால்டன் ஏரிக்கரையில் தனித்து வாழ்ந்த அமெரிக்க அறிஞர் தோரோ, தம் ஏரியின் பனிக்கட்டி சென்னை மக்களுக்கும் செல்வதை 1854இல் வெளிவந்த தம் நூலில் எண்ணி வியந்திருக்கின்றார். பின்னர் நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் பரவவே, கடல்கடந்து வந்த பனிக்கட்டி வாணிகம் மங்கி மறைந்தது. கிடங்கு கைமாறி இல்லமாயிற்று. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963 முதல் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்குகின்றது.

பனிக்கட்டி மறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நாம் இன்று ‘ஒரு டன் ஏசி’, ‘ஒன்றரை டன் ஏசி’ என்று பேசுகிறோமே, அந்த ‘டன்’ எது? இயந்திரத்தின் எடை என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ எடையுள்ள பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து நீக்கவல்ல திறனே ஒரு டன். இன்றைய அளவையில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஏரிகளை அறுத்து விற்ற காலத்தின் சுவடு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் இயந்திரத்தின்மீது இன்னும் பதிந்திருக்கின்றது.

இயந்திரக் குளிர்ச்சியின் கதைக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இடர்ப்பட்டது. காற்றின் ஈரம் கூடுந்தோறும் குறையுந்தோறும் தாள் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. இதனைத் தீர்க்க வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியாளர் அமைத்த கருவியே புதுக்காலக் குளிர்சாதனத்தின் தொடக்கம் எனப்படுகின்றது. அக்கருவி பிறந்தது மனிதருக்காக அன்று, தாளுக்காக. அதன் முதற்பணி குளிர்விப்பதைவிடக் காற்றின் ஈரத்தை அடக்குவதே. ஈரம் மிக்க சென்னைக்கு இச்செய்தி மிகவும் பொருந்துவதாகும்.

இக்கருவியை ஓடும் அறைக்குள் ஏற்றுவது எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் 1931இல் பால்டிமோர் – ஒகையோ இருப்புப் பாதையின் ‘கொலம்பியன்’ என்னும் தொடர்வண்டி முழுவதும் குளிரூட்டப்பட்டது. அக்காலப் பொறியாளர்முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பெட்டியின் அடியில் பனிக்கட்டியை நிரப்பி, அதன் குளிர்ச்சியை விசிறியால் உள்ளே செலுத்துவது. இரண்டாவது, எஞ்சினின் நீராவியைப் பீய்ச்சி வெற்றிடம் உண்டாக்கி, நீரைத் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாக்கிக் குளிர்விப்பது. மூன்றாவது, அமுக்கியை இயக்கும் இயந்திர முறை. பனிக்கட்டி முறை எளியது, பழுது குறைவு, ஆனால் வழியெங்கும் பனிக்கட்டி நிரப்பும் நிலையங்கள் வேண்டும். இயந்திர முறைக்கு நிரப்பும் வேலை இல்லை. ஆனால் விசை வேண்டும். அவ்விசை எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

நம் நாடு முதலில் பனிக்கட்டியையே தேர்ந்தது. பம்பாயிலிருந்து பெஷாவர் வரை ஓடிய ‘பிராண்டியர் மெயில்’ வண்டியில் 1934ஆம் ஆண்டில் குளிரூட்டப்பட்ட பெட்டி இணைக்கப்பட்டது. தரையின் அடியில் இருந்த பெட்டகங்களில் பனிக்கட்டிப் பாளங்களை வைத்து, மின்கலத்தால் இயங்கும் விசிறியால் குளிர்காற்றை உள்ளே செலுத்தினர். குறிப்பிட்ட நிலையங்களில் வண்டி நிற்கும்போதெல்லாம் புதிய பாளங்களைத் தொழிலாளர் ஏற்றினர். 1936 முதல் இயந்திரக் குளிர்சாதனமுடைய பெட்டிகள் நம் இருப்புப் பாதையில் வந்தன. 1956இல் ஹவுராவுக்கும் தில்லிக்கும் இடையே முற்றிலும் குளிரூட்டப்பட்ட தொடர்வண்டி ஓடத் தொடங்கியது.

விசைக்கு என்ன செய்தனர்? சக்கரத்தின் அச்சு சுழலும்போதே, அதனுடன் வாரால் இணைந்த மின்னாக்கியும் சுழலுமாறு அமைத்தனர். வண்டி ஓடுங்கால் மின்சாரம் பிறந்து குளிர்சாதனத்தை இயக்கியது. மிச்சம் மின்கல அடுக்கில் சேர்ந்தது. வண்டி நின்றால் சேமிப்பிலிருந்து செலவு. பின்னாளில் தொடர்வண்டியின் முனையில் ஒரு மின்னாக்கிப் பெட்டியை இணைத்து எல்லாப் பெட்டிகளுக்கும் மின்சாரம் வழங்கினர். இப்போது மின் எஞ்சினே மேல்நிலைக் கம்பியிலிருந்து பெற்றுப் பெட்டிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை பரவியிருக்கின்றது. குளிர்சாதனமும் பெட்டியின் அடிப்பகுதியிலிருந்து கூரைக்கு ஏறிவிட்டது.

இவற்றில் பெரம்பூரின் பங்கு பெரிது. யானைக்கவுனியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் எழுந்த அத்தொழிற்சாலை, இந்நாட்டு மக்கள் ஏறிச்செல்லும் பெட்டிகளைப் பல்லாயிரக்கணக்கில் படைத்தது. 2018இல் முதல் ‘வந்தே பாரத்’ தொடரும் அங்கேதான் உருப்பெற்றது. 2025 ஏப்ரல் 19 முதல் சென்னைக் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே ஓடும் குளிரூட்டப்பட்ட புறநகர் மின்வண்டியும் பெரம்பூரின் படைப்பே.

இனி ஒரு கணக்கு. தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். இக்காலத்து மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றில் 72 படுக்கைகள் உள்ளன எனக் கொள்வோம். கூரையில் ஒவ்வொன்றும் சுமார் 7 டன் திறனுள்ள இரு கருவிகள். ஆக 14 டன். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிப்படுகின்றது. 72 பேருக்கு 7,200 வாட். அதாவது இரண்டு டன்னுக்குச் சற்று மிகுதி. எஞ்சிய பன்னிரண்டு டன் எதற்கு? கூரையில் காயும் வெயிலுக்கும், சுவரினூடே கசியும் வெப்பத்திற்கும், மூச்சுவிடப் புதிதாய் உட்கொள்ளும் காற்றின் சூட்டிற்கும், அதன் ஈரத்திற்கும், திறந்து மூடும் கதவுகளுக்கும் அவ்வளவும் வேண்டியிருக்கின்றது. மனிதருக்காகச் செலவாவது ஏழில் ஒரு பங்கு அளவே. 14 டன் கருவி ஒரு நாள் முழுதும் தன் முழுத்திறனில் இயங்கினால், அது 12,000 கிலோவுக்கும் மேற்பட்ட பனிக்கட்டி உருகுவதற்குச் சமம். 1833இல் கல்கத்தா மக்கள் கண்டு வியந்த நூறு டன் பனிக்கட்டியும், இன்று ஒரே ஒரு பெட்டியை ஏறத்தாழ ஒரு வாரம் குளிர்விக்கவே போதுமானதாகும்!

இப்போது நம் சிறு வண்டிவீட்டுக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் 1936இல் வெளிவந்த ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் அலுமினிய இழுவை வீட்டில், உறைந்த கரியமில வாயுவான உலர்பனியைக் கொண்டு குளிர்விக்கும் ஏற்பாடு இருந்தது. புகைவண்டிப் பொறியாளர் தொடங்கிய இடத்திலேயே வண்டிவீட்டாரும் தொடங்கினர் என்பதைக் காண்க. இன்று அத்தகைய வீடுகளின் கூரையில் வைக்கும் கருவி பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டியே இருக்கின்றது. சிறிய அறைக்கு ஒரு டன் மிகை என்று தோன்றலாம். ஆனால் நான்கு புறமும் மேலும் வெயில் காயும் மெல்லிய சுவரறை அது என்பதை மறவாதீர்.

அப்படியானால் பெரிய கருவியே நன்றோ? அதுவும் அன்று. வேண்டிய அளவுக்கு மீறிய கருவி அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை வடித்தெடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. உடல் சில்லிடும், படுக்கை ஈரமாயிருக்கும். எண்ணூர்க் கடற்கரையில் நிறுத்திய வண்டிவீட்டுக்கு, அளவாக இருந்து நெடுநேரம் ஓடும் கருவியே ஏற்றது.

விசையோ, அன்றுபோல் இன்றும் முதன்மையான சிக்கல். ஒரு டன் கருவி ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரத்தை உண்ணும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று குறித்த ஈய மின்கலம் ஒன்றின் முழுக்கொள்ளளவே 1.2 கிலோவாட்-மணிதான். அதிலும் பாதிக்குமேல் வடித்தால் மின்கலத்தின் ஆயுள் குறையும். எனவே ஒரு மின்கலத்தை நம்பினால் ஒரு மணி நேரக் குளிர்ச்சிகூடக் கிட்டாது. மேலும், அமுக்கி தொடங்கும் கணத்தில் இயல்பைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறு மின்னாக்கி அதனைத் தாங்காமல் நின்றுவிடும். இக்குறையை, மெல்லத் தொடங்கி வேகம் மாறி ஓடும் அமுக்கிகள் இன்று பெரிதும் தணித்திருக்கின்றன. ஆகவே தேர்வின் ஒழுங்கு இதுவாகலாம்: முதலில் கூரைக்கு நிழலும் வெள்ளை வண்ணமும், அடுத்துச் சுவருக்குள் வெப்பங்காக்கும் பொருள், பிறகு கதவிடுக்குகளின் அடைப்பு, அதன்பின் விசைக்கான வழி, இறுதியிலேயே இயந்திரம். கடைக்குச் செல்வோர் இவ்வொழுங்கைத் தலைகீழாகப் பின்பற்றுவதால்தான் பணமும் மின்சாரமும் வீணாகின்றன. காசிமேட்டு மீனவர்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. விசைப்படகின் அடித்தளத்தில் ஐஸை நிரப்பிக் கடலேகும் அவர்கள், மூடி சரியாகப் பொருந்தாவிடில் மீன் கரை சேராது என்பதைப் பட்டறிவால் அறிந்தவர்கள்.

மாணவர்களே, இவ்வரலாற்றில் பொறியியல் மட்டும் இல்லை. குளிர்ச்சி என்பது வெப்பத்தை அழிப்பதன்று. ஓரிடத்து வெப்பத்தை மற்றோரிடத்துக்குத் தள்ளுவது. எங்கே தள்ளப்பட்டது, யார்மீது விழுந்தது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. முதல் வகுப்பார் பனிக்கட்டிக் காற்றில் உறங்கிய காலத்தில், அதே வண்டியின் முன்னே எஞ்சின் ஓட்டுநரும் நிலக்கரி அள்ளுவோரும் தீயறையின் எதிரே வெந்தனர். நடைமேடையில் பனிக்கட்டிப் பாளத்தைத் தோளில் சுமந்தவர் அக்குளிர் அறைக்குள் காலெடுத்து வைக்க இயலாதவர். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் மக்கள் நெருக்குண்டு வியர்த்தனர். மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல் நீங்கியது. 1993இல் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பு வந்தது. 2006இல் குறைந்த கட்டணத்தில் ‘கரீப் ரத்’ வண்டிகள் வந்தன. புது மின் எஞ்சின்களின் ஓட்டுநர் அறைகளிலும் குளிர்சாதனம் பொருத்தப்படுகின்றது. இவை உண்மையான முன்னேற்றங்கள். எனினும், முன்பதிவில்லாப் பெட்டியின் வாயிற்படியில் இன்றும் மக்கள் தொங்கிக்கொண்டே யானைக்கவுனிப் பாலத்தைக் கடக்கின்றனர்.

மற்றொன்றும் உண்டு. குளிர்சாதனத்துள் சுழன்ற வாயுக்கள் சில, வானத்தின் ஓசோன் படலத்தை அரிப்பதை உலகம் உணர்ந்து, 1987இல் மாண்ட்ரியாலில் உடன்பாடு செய்துகொண்டது. அவற்றின் இடத்தில் வந்த வாயுக்களும் புவியைச் சூடேற்றுவன என்று கண்டு, 2016இல் கிகாலியில் அவ்வுடன்பாட்டைத் திருத்தினர். நம் சிறு அறை குளிர, நாம் எல்லோரும் வாழும் பேரறை சூடாகலாகாது என்பதே அவற்றின் கருத்து.

நீங்கள் நாளை பொறியாளராகலாம்; வண்டிவீடு வாங்கிச் சுற்றுலாவும் செல்லலாம். அப்போது ‘எத்தனை டன்?’ என்ற வினாவுக்கு முன்னர், ‘எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடாமல் தடுத்தேன்?’ என்று கேளுங்கள். பெரம்பூரில் பெட்டி வரைபவராக நீங்கள் அமரும் நாள் வருமாயின், கூரையில் நிழலும் சுவரில் காப்பும் காற்றுக்கு வழியும் முதலில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு அமைய வேண்டுமென வாதாடுங்கள். அவற்றிற்கு மின்சாரம் வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.